அம்மா வீட்டை விக்க 10 மாசம் ஆச்சு

எங்க அம்மாவோட மடிப்பாக்கம் ஃபிளாட்டை 2024 மார்ச்ல விலைக்குப் போட்டோம், 2025 தை மாசம்தான் பத்திரம் முடிஞ்சுது. போட்ட விலை 68 லட்சம், வித்த விலை 56 லட்சம். மீதி 12 லட்சத்தை நாங்க கோட்டை விட்டுட்டோம்னு சொந்தக்காரங்க நிறைய பேர் நினைக்கிறாங்க, தம்பிகூட ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சான். அந்த 12 லட்சம் எங்ககிட்ட எப்பவுமே இருந்ததில்ல, நாங்களா மனசுல ஏத்தி வச்சுக்கிட்டதுன்னு எனக்குப் புரியவே அஞ்சாறு மாசம் ஆச்சு. பழைய ஃபிளாட்டை விக்கப் போற யாராவது இதைப் படிச்சா அந்த அஞ்சாறு மாசமாச்சும் அவங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வீட்டைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். 2006ல அப்பா வாங்குனது, அம்மா பேர்ல. ஒன்றரை கிரவுண்டு மனை, அதாவது 3,600 சதுர அடி, கீழ முழுக்க பார்க்கிங், மேல 3 மாடி, மாடிக்கு 2 வீடுன்னு மொத்தம் 6 வீடு. லிஃப்ட் கிடையாது. நம்மளது முதல் மாடி, ரெண்டு பெட்ரூம், பத்திரப்படி 940 சதுர அடி. அப்பா போனதுக்கப்புறம் அம்மா தனியா இருந்தாங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப மூணு நாள் கரன்ட் இல்லாம, போன்ல சார்ஜ் இல்லாம மாட்டிக்கிட்டாங்க, நாலாவது நாள் நான் குரோம்பேட்டையிலருந்து போய் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் அவங்களை அங்க திருப்பி விட எனக்கு மனசு வரல.

சரி, 68 எப்படி வந்துச்சுன்னா, எதிர் வரிசையில ஒரு புது பில்டிங் கட்டிக்கிட்டிருந்தாங்க, லிஃப்ட், ஜெனரேட்டர் பேக்கப் எல்லாம் வச்சு, சதுர அடி 7,200 ரூபாய்னு சொன்னாங்க. எங்க 940ஐ அதால பெருக்கினோம், 67 லட்சத்து 68 ஆயிரம் வந்துச்சு, ரவுண்டா 68. நாங்க வேற எதையும் பார்க்கல. தம்பி மஸ்கட்லருந்து வீடியோ கால்ல "அக்கா, அப்பா போட்ட தேக்குக் கதவு மட்டுமே இன்னிக்கு ஒண்ணரை லட்சம் வரும், ஒரு ரூபா குறைக்காத"ன்னான். புரோக்கரும் "தாராளமா போகும் மேடம், மெட்ரோ வேற வருது"ன்னார். மெட்ரோ வருதுதான், மாதவரத்துலருந்து சோழிங்கநல்லூர் போற லைன் மடிப்பாக்கம் வழியாத்தான் போகுது. ஆனா வீடு பார்க்க வர்றவங்க அன்னிக்குப் பார்க்கறது தூசியையும் தடுப்பையும் சுத்தி வுடுற டிராஃபிக்கையும்தான், ஓடாத ரயிலுக்கு யாரும் இன்னிக்கே காசு எண்ணி வைக்க மாட்டாங்க.

மார்ச்லருந்து ஜூலை வரைக்கும் 14 குடும்பம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஒருத்தர்கூட விலை கேக்கல. கேட்டுக் குறைச்சுப் பேசுனாக்கூட பரவால்ல, பேச்சே எடுக்காமப் போறாங்கன்னா என்ன அர்த்தம்னு எனக்கு அப்ப தெரியல, "நல்லாருக்கு, வீட்டுல பேசிட்டு சொல்றோம்"னு சொல்லிட்டுப் போற ஒவ்வொருத்தரையும் நம்பி ரெண்டு நாள் போனையே பார்த்துக்கிட்டிருப்பேன்.

அதுல ஒருத்தர், ஐடி கம்பெனியில வேலை பார்க்கற தம்பி, போன் பண்ணி தெளிவா சொன்னார். "அக்கா, எனக்கு வீடு புடிச்சிருக்கு, ஆனா என்னால வாங்க முடியாது, ஏன்னு கணக்கு சொல்றேன்"னார். அந்த போன் காலுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன். கணக்கு இதுதான். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான ஹோம் லோனுக்கு பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம்தான் குடுக்கலாம், அது ரிசர்வ் பேங்க் விதி. அந்த 80 சதவீதமும் நாம சொல்ற விலையில கிடையாது, பேங்க் அனுப்புற வேல்யூவர் போடற மதிப்பு, பத்திர விலை, இதுல எது கம்மியோ அதுலதான். 18 வருஷப் பழைய வீட்டுக்கு வேல்யூவர் 55 லட்சம்னு போட்டார்னா லோன் 44 லட்சம். வீடு 68ன்னா மீதி 24 லட்சம் கையிலருந்து. அதுக்கு மேல பத்திரச் செலவு, முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 68 லட்சத்துக்கு 6 லட்சத்து 12 ஆயிரம், இதுக்கு லோனும் கிடையாது. ஆக மொத்தம் 30 லட்சம் ரொக்கமா வச்சிருக்கணும், புரோக்கர் கமிஷன் தனி. 30 லட்சம் கையில வச்சிருக்கற ஆள் எதுக்கு லிஃப்ட் இல்லாத பழைய பில்டிங்குக்கு வரப்போறார், அவர் நேரா எதிர்ல இருக்கற புது வீட்டுக்குப் போயிடுவார். அதே வீடு 56ன்னா, கையிலருந்து 12, பத்திரம் 5 லட்சத்து 4 ஆயிரம், 17 லட்சத்துல முடிஞ்சுடும். நாங்க விலையில ஏத்தி வச்ச 12 லட்சம் வாங்குறவங்க கையிருப்புல 13 லட்சமா விடியுது. இதை நான் ஒரு பழைய டைரியில எழுதிப் பார்த்தேன், எழுதி முடிச்சதும் அந்த 14 குடும்பமும் ஏன் பேசாமப் போனாங்கன்னு புரிஞ்சுது.

ஆனா விலை மட்டும் காரணம் கிடையாது, வீட்டை நாங்க காட்டுன விதமும்தான்.

ஏப்ரல்ல ஒரு பெரியவர் மகனுக்காகப் பார்க்க வந்தார், ரிட்டயர்டு ஆளு, செருப்பை வாசல்ல வரிசையா விட்டுட்டு உள்ள வந்தார், ஒண்ணும் பேசல. சின்ன பெட்ரூம்ல பாத்ரூமை ஒட்டின சுவத்துக்கிட்ட போய் உள்ளங்கையை வச்சு அப்படியே அரை நிமிஷம் நின்னார். அந்த சுவத்துல தரையிலருந்து ஒரு முழம் உயரத்துக்கு ஓதம் ஏறி பூத்திருந்துச்சு, புரோக்கர் சொன்னாருன்னு அது மேலயே பெயின்ட் அடிச்சு வச்சிருந்தோம். அவர் கையை எடுத்தப்ப உள்ளங்கை முழுக்க வெள்ளையா மாவு மாதிரி ஒட்டியிருந்துச்சு. வேட்டியில துடைக்காம கையைப் பார்த்துக்கிட்டே "பெயின்ட் எப்பம்மா அடிச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டார். போன வாரம்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் கிச்சனைக்கூட பார்க்கல. ஓதம் பெரிய விஷயமில்ல, எந்தப் பழைய வீட்டுலயும் இருக்கும், ஆனா மறைச்சதைக் கண்டுபிடிச்சுட்டா இன்னும் எதையெல்லாம் மறைச்சிருக்காங்களோன்னுதான் மனசு போகும், அவர் இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இன்னொண்ணு வெள்ளம். சென்னையில தெக்குப் பக்கம் வீடு வாங்க வர்ற யாரும் கேக்கற முதல் ரெண்டு மூணு கேள்விக்குள்ள "2015ல தண்ணி வந்துச்சா?" இருக்கும், இப்ப "மிக்ஜாம்ல எப்படி?"யும் சேர்ந்துக்கிச்சு. முதல்ல நாங்க "இங்கெல்லாம் வராதுங்க"ன்னு சொன்னோம். 2015ல பார்க்கிங்ல முட்டியளவு தண்ணி நின்னுச்சு, ரெண்டு பைக் வீணாப்போச்சு, மாடி வீடு எதுக்குள்ளயும் வரலங்கறது உண்மை. ஒரு தம்பதி பார்த்துட்டு கீழ இறங்கி தெருமுனையில இஸ்திரி போடற அண்ணன்கிட்ட சாதாரணமா கேட்டிருக்காங்க, அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டார். அவர் சொல்லாம இருந்திருந்தா நல்லதுன்னு நான் அன்னிக்கு நினைச்சேன், அப்படி நினைச்சது தப்பு. வீடு வாங்கறவங்க வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வந்து கொட்டறாங்க, அவங்ககிட்ட தண்ணி விஷயத்துல பொய் சொல்றது எவ்வளவு பெரிய பாவம்னு அந்தப் பொண்ணு போன்ல "நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா"ன்னப்பதான் உறைச்சுது.

ஆடி மாசம் யாரும் வீடு பார்க்க வர மாட்டாங்க, பதினெட்டாம் பெருக்குக்குப் பத்திரம் போடறவங்க இருப்பாங்களே ஒழிய புதுசா தேடறவங்க கம்மி. அந்த ஒரு மாசத்தை நாங்க வேலைக்கு எடுத்துக்கிட்டோம். போர்ட்டல்ல போட்டிருந்த விளம்பரத்தை எல்லாம் எடுத்தோம். இதை நான் கண்டிப்பா எல்லாருக்கும் சொல்வேன், நாலு மாசமா ஒரே வீடு ஒரே போட்டோவோட கிடந்தா பார்க்கறவங்களுக்கு "இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு போல"ன்னு தோணிடும், அதுக்கப்புறம் விலையைக் குறைச்சாலும் சந்தேகம்தான் கூடும். முதல் மூணு நாலு வாரம் வர்ற கூட்டம்தான் நிஜமான கூட்டம், ரொம்ப நாளா தேடிக்கிட்டு இருக்கறவங்க புதுசா வந்ததை உடனே பார்த்துடுவாங்க, அந்த நேரத்துல தப்பான விலை போட்டு அவங்களைத் திருப்பி அனுப்பிட்டோம்.

இந்தத் தடவை விலையை ஒழுங்கா போட்டுப் பார்த்தோம். முதல்ல பதிவுத்துறை சைட்டுல வில்லங்கச் சான்று, அதாவது இசி, எடுத்துப் பார்த்தேன், அதுல பார்க்கறதுக்குக் காசு கிடையாது. எங்க தெரு சர்வே நம்பரைப் போட்டா யார் யாருக்கு எப்ப வித்தாங்க, கைமாற்றுத் தொகை எவ்வளவு, சந்தை மதிப்பு எவ்வளவுன்னு வரிசையா வருது. போர்ட்டல்ல இருக்கறது ஆசைப்பட்ட விலை, இசியில இருக்கறது பத்திரத்துல எழுதுன விலை. சிலர் பத்திரத்துல குறைச்சுக் காட்டியிருப்பாங்க, அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும், ஆனா பேங்க் லோன்ல வாங்குனவங்க பத்திரம் கிட்டத்தட்ட நிஜ விலைக்கு வரும். எங்க தெருவுல ஒரே வயசுள்ள ரெண்டு ஃபிளாட் 50ல இருந்து 55க்குள்ள போயிருந்துச்சு. 68னு சொல்லிக்கிட்டிருந்த எங்களுக்கு அதுவே பதில்.

அடுத்து நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியா போட்டோம். ஃபிளாட்டுல வயசாக ஆக கட்டடத்தோட மதிப்பு இறங்கும், யூடிஎஸ், அதாவது பிரிபடாத மனைப் பங்கு, அதோட மதிப்பு ஏறும். எங்களுக்கு 600 சதுர அடி யூடிஎஸ். தெருவுல மனை விலை சதுர அடி 6,500னு வச்சா 39 லட்சம். அன்னிக்கு 940 சதுர அடி புதுசா கட்ட 2,400 வீதம் 22 லட்சத்து 56 ஆயிரம், கட்டடத்துக்கு 60 வருஷ ஆயுள்னு வச்சு 18 வருஷத்தைக் கழிச்சா 30 சதவீதம் போய் 15 லட்சத்து 80 ஆயிரம் கிட்ட நிக்குது. ரெண்டும் சேர்த்து 54 லட்சத்து 80 ஆயிரம். 5,000 ரூபாய் ஃபீஸ் குடுத்து ஒரு வேல்யூவரையும் வரவழைச்சோம், அவர் 55 லட்சத்து 20 ஆயிரம் போட்டார். அவர்தான் இன்னொரு விஷயத்தையும் எடுத்துக் குடுத்தார், 2019ல விதி மாறி தளப்பரப்பு குறியீடு, அதாவது மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5லருந்து 2 ஆச்சு, அதனால புது பில்டிங்ல அதே மனையில அதிக வீடு கட்டறாங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் யூடிஎஸ் குறையுது, உங்களது பழசா இருந்தாலும் மனைப் பங்கு பெருசு, அதைச் சொல்லி விக்கணும்னார். எதிர் பில்டிங்ல கேட்டா கிட்டத்தட்ட இதே அளவு வீட்டுக்கு 430தான். நாலு மாசமா அப்பாவோட தேக்குக் கதவைக் காட்டிக்கிட்டிருந்தோம், இந்த 600ஐ ஒருத்தருக்கும் சொன்னதில்ல.

58 லட்சத்து 50 ஆயிரம்னு போடறதுன்னு முடிவாச்சு. ஏன் 61 இல்லன்னா, தேடறவங்க பட்ஜெட்டை 60 வரைக்கும்னு வச்சுத்தான் ஃபில்டர் பண்றாங்க, 61னு போட்டா அவங்க கண்ணுலயே படாது. குறைஞ்சது 55 லட்சத்து 50, அதுக்குக் கீழ இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி அம்மா, நான், தம்பி மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். அப்படி எழுதி வைக்கலன்னா ஒருத்தர் ஹால்ல உக்காந்து பேசும்போது நம்ம வாய் நம்ம பேச்சைக் கேக்காது.

வீட்டு வேலைக்கு வர்றேன். பாத்ரூம் தரையில டைல்ஸைப் பேர்த்துப் பார்த்தா கழிவுக் குழாய் ஜாயின்ட்ல விரிசல், சொட்டுச் சொட்டா வருஷக்கணக்கா சுவத்துக்குள்ள இறங்கிக்கிட்டிருந்திருக்கு. குழாயை மாத்தி, வாட்டர்புரூஃபிங் போட்டு, ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சுப் பார்த்து, சுவத்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, மூணு வாரம் காய விட்டு அப்புறம் பூசி பெயின்ட் அடிச்சோம். 42,000 ஆச்சு. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து பில்லோட வச்சுக்கிட்டேன்.

பூட்டிக் கிடக்கற வீட்டுல ஒரு நாத்தம் வரும், நாங்க அதை பழைய வீட்டு வாடைன்னு நினைச்சு ஊதுபத்தி ஏத்தி வச்சோம், ஊதுபத்தியும் சாக்கடையும் கலந்து இன்னும் மோசமா இருந்துச்சு. பிளம்பர்தான் சொன்னார், தரையில இருக்கற ஜாலிக்குக் கீழ வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் கீழ இருந்து வர்ற வாடையையும் கரப்பானையும் தடுக்கறது, பூட்டி வச்சா அது வத்திப்போயிடும்னு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் எல்லா ஜாலியிலயும் ஒரு மக்கு தண்ணி, ஜன்னல் எல்லாம் ரெண்டு மணி நேரம் தொறந்து வைக்கறது, அவ்வளவுதான், வாடை போயே போச்சு.

சாமான்களை ஒதுக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு. பரண்ல 18 வருஷம். ஹால்ல அம்மாவோட தையல் மிஷின், ரெண்டு பீரோ, யாரும் உக்காராத சோபா, நடக்கவே இடமில்லாம இருந்துச்சு. ஹால் சுவத்துல மாலை போட்ட அப்பா போட்டோ, அது கீழ சின்ன பல்பு எப்பவும் எரியும். மே மாசம் வந்த ஒரு அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு மெல்ல "இந்த வீட்டுலயேதான் தவறிட்டாரா?"ன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியிலன்னு சொன்னேன், ஆனாலும் அவங்க முகம் தெளியல. தினசரி காலண்டர்ல அம்மா கிளம்புன நாள் தேதி அப்படியே கிழிக்காம நின்னுக்கிட்டிருந்துச்சு, அதையும் பார்த்துட்டுத்தான் போனாங்க. அப்பா போட்டோவை எடுக்கலாமான்னு அம்மாகிட்ட கேக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு வெள்ளிக்கிழமை அவங்களே வந்து பல்பை அணைச்சு, போட்டோவைத் துடைச்சு, பழைய பட்டுப் புடவையில சுத்தி மடியில வச்சு ஆட்டோவுல கொண்டு வந்தாங்க. அந்த சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டையை மட்டும் நான்தான் பட்டி வச்சு அடைச்சேன்.

மத்ததெல்லாம் சின்னச் செலவு. மினுக்கிக்கிட்டிருந்த டியூப்லைட்டை எடுத்து எல்லா ரூமுக்கும் நல்ல எல்இடி, கொசு வலையைக் கழட்டிக் கழுவி மாட்டுனது, சுவிட்ச் போர்டுகளைத் துடைச்சது, கிச்சன் சிங்க் குழாய் மாத்துனது. புதுசா மாடுலர் கிச்சன் போட்டா விலை ஏறும்னு ஒருத்தர் சொன்னார், போடல, வாங்கறவங்க எப்படியும் அவங்க இஷ்டத்துக்கு மாத்துவாங்க, அந்தக் காசு திரும்பி வராது. மாடிப்படி எல்லாருக்கும் பொது, அங்க எரியாத பல்பும் மூலையில எச்சில் கறையும் இருந்துச்சு, அசோசியேஷன்ல பேசி நானே 3,000 போட்டு வெள்ளை அடிச்சேன். வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி அவங்க அந்தப் படியைத்தானே ஏறி வராங்க.

போட்டோ காலையில 9 மணிக்கு எடுத்தோம், வீடு கிழக்குப் பார்த்தது, அந்த நேரம் ஹால் முழுக்க வெயில் வரும். போனைப் படுக்க வச்சு, மூலையில நின்னு, நெஞ்சு உயரத்துல. முன்னாடி போட்டதுல கொடியில துணி தொங்குது, ஒரு போட்டோவுல கண்ணாடியில என் முகமே தெரியுது. வீடு காட்டற நேரத்தையும் காலை 9லருந்து 11ன்னு வச்சுக்கிட்டேன், சாயங்காலம் கேட்டவங்களை மட்டும் தனியா வரச் சொன்னேன்.

விளம்பரத்துல என்ன எழுதணும்னு ரொம்ப யோசிச்சேன். "அருமையான வீடு, பிரைம் லொகேஷன்" எல்லாத்தையும் தூக்கிட்டு இப்படி எழுதினேன்: முதல் மாடி, லிஃப்ட் இல்லை. பத்திரப்படி 940 சதுர அடி, உள்ளே புழங்கும் இடம் 715. யூடிஎஸ் 600. 2015ல பார்க்கிங்கில் முட்டியளவு தண்ணீர், மாடி வீடுகளுக்குள் வரவில்லை. மிக்ஜாமில் தெருவில் ரெண்டு நாள் கணுக்கால் அளவு, மூன்று நாள் கரன்ட் இல்லை. 2019 தண்ணிப் பஞ்சத்தில் வாரம் ரெண்டு லாரி, இப்போது போர் தண்ணி போதும். பாத்ரூம் ஓதம் இருந்தது, 2024 ஆடியில் சரி செய்தது, போட்டோ உண்டு. புரோக்கர் படிச்சுட்டு "இதெல்லாம் போட்டா யாரு மேடம் வருவா"ன்னு கோச்சுக்கிட்டார். ஆவணி பொறந்து மூணு வாரத்துல 9 குடும்பம் வந்தாங்க, அதுல 4 பேர் விலை பேசினாங்க.

ஒருத்தர் 57க்கே சரின்னார், ஆனா 20 லட்சம் ரொக்கமா தர்றேன், பத்திரத்துல 37 காட்டிக்கலாம்னார். அம்மா ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டாங்க. சொத்து விக்கறதுல 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறதே வருமான வரிச் சட்டப்படி தப்பு, வாங்கற தொகை அளவுக்கே அபராதம் போடலாம், அதெல்லாம் நான் அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மாவுக்கு அது எதுவும் தெரியாது, "அவ்வளவு பணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு நான் தூங்க முடியாது"ன்னு சொன்னாங்க.

வாங்குனவங்க வந்தது அக்டோபர் 17. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அந்தப் பெரிய மழை, வேளச்சேரி பாலத்து மேல எல்லாரும் காரைக் கொண்டுபோய் வரிசையா நிறுத்துனாங்களே, அந்த மழை. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரெயின்கோட்டோட பைக்ல வந்தாங்க, அவங்க வேற ஏரியாவுல தரைத்தளத்துல வாடகைக்கு இருக்காங்க, மிக்ஜாம்ல ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் எல்லாம் போச்சாம். வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பார்க்கிங்ல நின்னு சுவத்துல தண்ணிக் கறையைத் தேடினாங்க, நானே போய் 2015 தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு தூண்ல காட்டினேன். அவர் பையிலருந்து டேப் எடுத்து அந்த உயரத்தை அளந்தார், அப்புறம் ரெண்டு தூணுக்கு நடுவுல அவங்க காருக்கு இடம் பத்துமான்னு அளந்தார். மேல வந்து அந்தம்மா நேரா சின்ன பெட்ரூம் போய் சுவத்தைத் தொட்டுப் பார்த்தாங்க, நான் பாத்ரூம் வேலை போட்டோவை எடுத்துக் குடுத்தேன். 55ல ஆரம்பிச்சாங்க. நான் 57 சொன்னேன். ஒரு வாரம் பேசி 56. ஃபேன், லைட், பரண் கதவு, அந்த தேக்குக் கதவு எல்லாம் அப்படியே விட்டுடறோம்னோம்.

பேப்பரை முன்னாடியே ஒரே ஃபைல்ல போட்டு வச்சிருந்தது அன்னிக்குத்தான் உதவுச்சு. அம்மா பத்திரம், தாய்ப் பத்திரங்கள், 30 வருஷ இசி, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது, இபி கார்டு, அசோசியேஷன் பாக்கி இல்லைங்கற கடிதம், எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் அவங்க கையில அன்னிக்கே குடுத்தாச்சு, அவங்க பேங்க் வக்கீல் பத்து நாள்ல சரின்னுட்டார். ஒண்ணு மட்டும் கடைசி நேரத்துல தலைவலி ஆச்சு, அம்மாவோட பான் ஆதாரோட லிங்க் ஆகாம செயலிழந்து கிடந்துச்சு. 50 லட்சமும் அதுக்கு மேலயும் போற சொத்துக்கு வாங்கறவங்க நமக்குத் தர்ற விலையில 1 சதவீதத்தை டிடிஎஸ்னு வரியாப் புடிச்சுக் கட்டணும், பான் சரியில்லன்னா அது 20 சதவீதம். 56,000 போக வேண்டிய இடத்துல 11 லட்சத்து 20 ஆயிரம். 1,000 ரூபாய் கட்டி லிங்க் பண்ணி அது ஏத்துக்கற வரைக்கும் எனக்கு நிம்மதியே இல்ல, விக்கணும்னு நினைச்ச அன்னிக்கே இதைப் பார்த்துடுங்க.

அதே மாதிரி 2006ல பில்டரோட போட்ட கட்டுமான ஒப்பந்தம். அந்தக் காலத்துல யூடிஎஸ்ஸுக்கு மட்டும் சின்னத் தொகைக்குப் பத்திரம் போட்டு, கட்டடத்துக்குத் தனியா ஒப்பந்தம் போடுவாங்க. பத்திரத்தை மட்டும் வச்சிருந்தா வாங்குன விலை ரொம்பக் கம்மியாத் தெரியும், லாபம் பெருசாத் தெரியும், வரியும் ஏறும். அப்பா அந்த ஒப்பந்தத்தையும் ரசீதையும் ஒரு மஞ்சப்பையில பத்திரமா வச்சிருந்தார், பத்திரத் தொகையும் ஒப்பந்தத் தொகையும் சேர்த்து 17 லட்சம். ஆடிட்டர் லாபத்துக்கான வரியை ரெண்டு விதமாவும் போட்டார். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்குன வீடுங்கறதால ரெண்டுல எது கம்மியோ அதைக் கட்டலாம், நேரடியா 39 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம்னா 4 லட்சத்து 87 ஆயிரத்து 500, விலைவாசிக் குறியீடு போட்டு 17 லட்சத்தை வாங்குன வருஷத்து 122லருந்து வித்த வருஷத்து 363க்கு ஏத்துனா அது 50 லட்சத்து 58 ஆயிரம் ஆகுது, மீதி லாபத்துக்கு 20 சதவீதம் போட்டா 1 லட்சத்து 8 ஆயிரம் சொச்சம், செஸ் தனி. மஞ்சப்பை இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன், அப்பா எப்பவும் எங்களுக்குக் குடுத்துக்கிட்டேதான் இருக்கார்.

ஐப்பசியில அக்ரிமென்ட், தை மாசம் ஒரு நல்ல நாள் பார்த்துப் பத்திரம். சார்பதிவாளர் ஆபீஸ்ல எங்களுக்கு முன்னாடி டோக்கன் நிறைய, கைரேகை வைக்கற மிஷின்ல அம்மா கட்டைவிரல் ரேகை தேஞ்சு பதியவே இல்ல, நாலு தடவை துடைச்சுத் துடைச்சு வச்சாங்க. வாங்குன அம்மா அவங்க கைக்குட்டையைக் குடுத்து "மெதுவா வைங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல"ன்னாங்க.

முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குப் போனோம், சாவி குடுக்க. அம்மா ஹால்ல உக்காரல. நேரா கிச்சனுக்குப் போய் ஜன்னல் கொக்கியை எப்படித் தூக்கிப் போடணும்னு காட்டினாங்க, மோட்டார் காலையில 6லருந்து 6.20, சாயங்காலம் 5லருந்து 5.15, அதுக்கு மேல போட்டா டேங்க் நிரம்பி மூணாவது மாடிக்காரர் சத்தம் போடுவார்னு சொன்னாங்க. அப்புறம் பால்கனியில இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி, இதைக் கொண்டுபோகலாம்னு பார்த்தேன், இந்த வெயிலுக்குப் பழகிடுச்சு, இங்கயே இருக்கட்டும், புளிச்ச மோர் இருந்தா ஊத்துங்கன்னாங்க. அந்தப் பொண்ணு சரிங்கம்மான்னு சொல்லி ஒரு கொத்து பறிச்சு அம்மா கையில குடுத்துச்சு.